சபைக்கு நடுவே ஒரு சுவர்

கென்டக்கி, நவம்பர் 1845

அன்புள்ள லவீனியாவுக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? குழந்தை தவழ்கிறாளா?

எனக்குக் கிடைத்த தச்சு வேலையைக் கேட்டால் சிரிப்பாய். சர்ச்சுக்குள் நட்டநடுவே பலகைச் சுவர் எழுப்புகிறேன். அடிமை வைத்திருப்பது பாவம் என்பவர்கள் ஒரு பக்கம், கர்த்தருடைய சித்தம் என்பவர்கள் மறுபக்கம். குளிர்காயும் கணப்பு யார் பக்கம் வருவது என்று வாரக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள்.

எனக்குப் பலகை பிடிப்பவர் அப்ரம் என்ற அடிமை. அவர் கூலி எஜமானுக்குப் போகிறது. அடிமைகளுக்கு இடம் மேல்மாடத்தில். சுவர் வந்தால் மாடத்துக்கு ஏறும் படிக்கட்டு அடைபடும்.

"அவங்க எந்தப் பக்கமா ஏறுவாங்க?" என்று சபை மூப்பர்களிடம் கேட்டேன்.

"எங்க பக்கம் வேணாம்" என்றார், அடிமைகள் வைத்திருக்கும் மூப்பர் டாலிவர்.

பாவம் என்று முழங்கும் மூப்பர் ப்ரூயிட்டும், "எங்க பக்கமும் வேணாம். வெளியே மாடத்து ஜன்னலுக்கு ஒரு ஏணி அடிச்சிடுங்க" என்றார்.

இருவரும் கைகுலுக்கியதை அன்றுதான் பார்த்தேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. ஒரு பக்கத்தார் வீட்டில் சாப்பிட்டால் மறுபக்கத்தார் முகம் கொடுப்பதில்லை. அதனால் தனியாகவே சாப்பிடுகிறேன். உன் கையால் நாலு வரி எழுது.

இன்று ஏணி முடிந்தது. தாங்குமா என்று முதலில் அப்ரம்தான் ஏறினார். மாடத்திலிருந்து சுவரின் இரு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேலேருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதாங்க ஐயா."

நான் தலை நிமிராமல் ஆணி பொறுக்கினேன்.

தபால் வண்டி கிளம்புகிறது.

உன் எஸ்ரா