சம்மட்டிச் சத்தத்தில் ஒரு மாமன் பாட்டு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து தம்பி அன்புசெல்வனின் வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? ஊரில் ஒருவரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சத்தியம் செய்து சொல்கிறேன், கேள்.

பாப்பாவின் காதுகுத்துக்கு லீவு கிடையாது என்று எங்கள் மேனேஜர் மகாராஜா ஆணையிட்டுவிட்டார். மாமன் மடிக்குப் பதிலாக மாமன் குரலாவது வரட்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு வாழ்த்துப் பாட்டைப் பதிவு செய்தேன். பக்கத்து ஷெட்டில் இரும்படிக்கும் சம்மட்டி விழுந்தால் ஆரம்பாக்கம் வயல் கொக்கெல்லாம் ஆந்திராவுக்குக் குடிபோய்விடும். பாட்டு முழுக்க அந்தச் சத்தம்தான். ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தேன். அந்தக் கேடுகெட்ட சாஃப்ட்வேர், வெட்டிய இடத்திலெல்லாம் தன் பங்குக்கு ஒரு 'டப்' வைத்தது! எருமையிடம் கொடுத்திருந்தால்கூட இதைவிடப் பதமாக ஒட்டியிருக்கும்.

அறையில் கூட இருக்கும் பென்னி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னா நைனா, பெரிய சம்மட்டிய தொரத்திட்டு சின்ன சம்மட்டிய குந்த வச்சிகினு கீற? வெட்டுன ரெண்டு முனையிலயும் சத்தத்த மெதுவா எறக்கி ஏத்து, ஒட்டிக்கும்."

ஒட்டிக்கொண்டது. இதைத் தானாகச் செய்யத் துப்பில்லாத அந்தச் சனியனுக்கு 'புரொபஷனல்' என்று பட்டம் வேறு!

பாட்டை அனுப்பியிருக்கிறேன்; போடும்போது ஸ்பீக்கரைப் பாப்பாவின் காதருகே வைக்காதே. யார் மடியில் உட்கார்ந்தாள், அழுதாளா என்று எழுது. நாரத்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்து நம்பு. பாட்டில் பாப்பா பெயர் வரும் இடத்தில் குரல் உடையும். பென்னி வெட்டச் சொன்னான், நான் வெட்டவில்லை. அது மட்டும் நிஜம்.