கட்டிதட்டிய பொடி

மார்ச் 4

என் செல்லத் தம்பிக்கு,

நலம். இடுப்பு மட்டும் நலமில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ராணி மாதிரி சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். அடுத்த வாரம் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன். உள்ளே வைக்கப்போகும் வெள்ளைப் பந்து உங்கள் தொழிற்சாலையில் செய்ததாம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. வார்டு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் தையல்காரம்மாவுக்கும் அதே பந்துதான். "உங்க தம்பி செஞ்சதா? அப்போ எனக்குப் பயமே இல்ல" என்றார். ஒரு டம்ளரை உடைக்காமல் கழுவத் தெரியாதவன் நீ என்பதை நான் சொல்லவில்லை.

ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

அக்கா

மார்ச் 7

அக்கா,

போனில் சொல்ல நா எழவில்லை. அந்தப் பந்து உனக்கு வேண்டாம். ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடு.

பந்தில் பெரும்பகுதி அலுமினா என்ற பீங்கான். கடினமானதுதான், ஆனால் விரிசல் விட்டால் ஓடிக்கொண்டே போகும். அதில் கலந்த சிர்கோனியா என்ற இன்னொரு பீங்கானின் துகள்கள் விரிசல் வரும் இடத்தில் உப்பி, அதை நெருக்கி நிறுத்தும். முன்பு இரண்டும் சேர்ந்தே உருவான பொடி வாங்கினோம். இப்போது தனித்தனியாக வாங்கிக் கலக்கிறோம். மாவில் உப்பு ஒரே இடத்தில் தங்கிவிட்ட மாதிரி, சிர்கோனியா கட்டிதட்டி நிற்கிறது. அது இல்லாத இடத்தில் விரிசல் விட்டால் பந்து உடம்புக்குள்ளேயே உடையலாம். சுட்டு எடுத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அழுத்தி உடைத்துப் பார்க்கும் சோதனையில் மயிரிழையில் தேறியது. புதுப் பொடியைத் தேர்ந்தெடுத்தவனே நான்தான். எல்லோரும் பாராட்டினார்கள், அப்புறம் வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது.

யாரிடமும் சொல்லாதே.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

பயமாக இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லித் தள்ளிப்போட்டேன். தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப்பொறந்தவன் கை பட்டது. இதுக்குப் போய் பயப்படலாமா? நான் முதல்ல போயிட்டு வர்றேன், பாருங்க" என்றார். நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டு வந்தார்.

நேற்று ஜன்னல்வரை நடந்தார். உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தில் "உனக்கு வேண்டாம்" என்றுதான் இருந்தது. நானும் அதை மட்டும்தான் படித்தேன். கூசுகிறதடா. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறேன்.

அக்கா

மார்ச் 18

அக்கா,

உடைந்த சோதனைத் துண்டுகளை இன்று மேலாளர் மேசையில் கொட்டினேன். அந்தப் பொடியில் செய்த பந்துகளை எல்லாம் திரும்பப் பெறுகிறார்கள். உள்ளே வைத்ததை என்ன செய்வது என்று டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும். என் வேலை நிலைக்குமா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதுவரை அந்த அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. இந்த முறை மறைப்பதற்காக அல்ல. நான் சொல்லி அவர் கேட்கட்டும். அப்போது நீ என் பக்கம் உட்காராதே அக்கா, அவர் பக்கம் உட்கார்.

தம்பி