முழுக் கையும் ஒரு விரலும்

கிள்ளானில் பல் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தேன். மூலையில் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த விளையாட்டுச் சாமான்களில் மணி கோத்த சட்டம் ஒன்று கிடந்தது. ஒரு சின்னப் பெண் எதையும் எண்ணாமல், மணிகளைச் சும்மா தள்ளித் தள்ளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். புதுப் பிள்ளைகளை முதலில் அப்படித்தான் விட வேண்டும் என்பாய் நீ. "சத்தம் பிடிச்சாத்தான் கணக்குப் பிடிக்கும் லா." தாதி என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை.

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸ் பாலர் பள்ளி ஒன்றில் நாம் இருவரும் ஒரே வகுப்பைப் பங்கு போட்டுக்கொண்ட ஆசிரியைகள். பாட்டும் கதையும் எனக்கு, கணக்கு உனக்கு. பள்ளிக்குக் கீழே கடை வைத்திருந்த சீனர் செம்போவா என்ற மணிச்சட்டத்தில் மணிகளைத் தட்டிக் கணக்குப் போடுவதைப் பார்த்துப் பார்த்து நீயாகவே பழகிக்கொண்டாய். பிறகு எனக்கும் சொல்லிக் கொடுத்தாய். சனிக்கிழமைகளில் அந்தக் கடை மாடியில் நாம் செம்போவா வகுப்பு நடத்தினோம்.

மூன்றோடு நான்கைக் கூட்டச் சொன்னால் பிள்ளைகள் திணறுவார்கள். மூன்றைத் தள்ளிய பிறகு கீழ் வரிசையில் நான்கு மணி மிஞ்சாது. நீ கையைத் தூக்கிக் காட்டுவாய். "மேல இருக்கிற மணி முழுக் கை. கீழ இருக்கிறதெல்லாம் விரல். முழுக் கையைக் குடுத்துட்டு ஒரு விரலைத் திருப்பி வாங்கிக்க." அத்தனை பேரும் கையைத் தூக்கி ஒரு விரலை மடக்குவார்கள். ஏழு வந்துவிடும்.

தொண்ணூறுகளில் ஒரு நிறுவனம் இந்த வகுப்புகளை ஊர் ஊராகத் திறந்தது. நாம் இருவருமே நேர்முகத்துக்குப் போனோம். எனக்கு ஆங்கிலம் சரளமாக வந்ததால் என்னை எடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது, நான் சேரப் போவதில்லை என்றேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "பைத்தியமா உனக்கு? போ லா. இங்க நான் பாத்துக்கிறேன்" என்றாய். அதற்காகவே காத்திருந்தவள்போல் சரி என்றுவிட்டேன்.

பயிற்சியில் மூன்றோடு நான்கு வந்தது. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். மேலாளர் அசந்துபோய், இது உங்கள் சொந்த யோசனையா என்று கேட்டார். நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். கொஞ்ச காலத்தில் எல்லாக் கிளைகளிலும் ஆசிரியைகள் கையைத் தூக்கினார்கள், என் பெயரைச் சொல்லி.

பிறகு பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு கிளை திறந்து என்னைப் பொறுப்பாக்கினார்கள். எங்களிடம் சீருடை இருந்தது, பதக்கம் இருந்தது, குளிர்சாதனம் இருந்தது. உன் மாடி காலியாகிக்கொண்டே வந்தது எனக்குத் தெரியும். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, உன்னிடம் மிஞ்சியிருந்த கடைசி மாணவியைக் கையில் பிடித்து நீயே அழைத்து வந்தாய். முன்மேசைப் பெண், "ஆன்டி, பிள்ளைக்கு நீங்க யாரு?" என்று கேட்டாள். "பக்கத்து வீடு" என்றாய். நான் இரண்டு பெற்றோர்களோடு பேசியபடி அங்கேதான் நின்றிருந்தேன். இவள்தான் என் ஆசிரியை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நீ என் அருகில் வந்து மெல்லச் சொன்னாய்: "எட்டு வந்தா தடுமாறுவா. அவசரப்படுத்தாத." பிள்ளையின் கையை என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாய்.

அதற்குப் பிறகு நீ அதிக காலம் இருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். சுங்கை பூலோவில் உன் தங்கை வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்திருந்தவர்களிடம் சொன்னாள்: "இவங்கதான் அந்த டீச்சர். அக்காவுக்கு செம்போவா சொல்லிக் குடுத்ததே இவங்கதான். அக்கா எப்பவும் பெருமையா சொல்லுவாங்க."

எதற்காக அப்படிச் சொல்லி வைத்தாய்? ஊரெல்லாம் என் முறை என்று பேசும்போது உன் வீட்டில் மட்டும் நான் திருடியாகிவிடக் கூடாது என்றா?

"இல்லம்மா, உங்க அக்காதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா" என்றேன். வாய்விட்டு அதைச் சொன்னது அன்றுதான். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரைப் பார்த்தாள். "எவ்வளவு அடக்கம் பாத்தீங்களா" என்றாள்.

அதன் பிறகும் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லோரும் அதே மரியாதையோடுதான் பார்க்கிறார்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல என் பெயர்தான் வளர்கிறது. உன்னுடையதை உன்னிடம் சேர்க்க வழி தெரியாமல், நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.