நாளை திருப்பதியில் கால் பார்ப்பார்கள்

சனிக்கிழமை, இரவு

நாளை திருப்பதி நீச்சல் குளத்தில் என்னை நீந்தவிட்டு, சூம்பிய இடது காலுக்கு எவ்வளவு பலம் என்று பார்த்து, மாற்றுத்திறனாளிகள் போட்டியில் எனக்கு எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்கள்.

சாப்பிடும்போது நைனா மெதுவாகச் சொன்னார்: “தண்ணியில அந்தக் கால ஆட்டிக்கினு இருக்காதம்மா. பலமானவங்களோட போட்டுட்டா மெடலு போச்சு.”

“பொய்யில்லையா நைனா?”

“நொண்டிக்கினுதானே நடக்கிற? அதுல என்னா பொய்யி?”

பிறகு ஜெபத்தில் என் பதக்கத்துக்காக வேண்டினார். என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை.

கண்டுபிடித்தால் இனி போட்டிக்கே விடமாட்டார்களாம். பயமாக இருக்கிறது. தரையில் இழுபடும் கால், தண்ணீரில் கனமே இல்லாமல் பாசி போல் அசையும். போர்வைக்குள் அதை அசையாமல் வைத்துப் பழகுகிறேன். கண் சொருகும்போதெல்லாம் கட்டில் மிதக்கிறது, கால் தானாக நீந்தத் தொடங்கிவிடுகிறது.