எலும்பு மாத்திரையும் அப்பா கொடுத்த பாலும்

அன்பு மகள் சிட்டுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், அதிலிருந்தே சௌக்கியம் என்று தெரிந்துகொள், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

போனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறவில்லை, அதான் எழுதுகிறேன். ஆபரேஷன் பண்ணி இடுப்பில் வைத்த செயற்கை மூட்டைச் சுற்றி எலும்பு தேய்கிறது என்று எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது உண்மைதான், ஆனால் மூட்டு இம்மியும் ஆடவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். வாரம் ஒரு மாத்திரை போட்டும் ஏன் தேய்கிறது என்று அவருக்கே குழப்பம், எப்படி விழுங்குறீங்க என்று கேட்டார், உன் அப்பா முந்திக்கொண்டு, நானே என் கையால கொடுக்கறேம்மா, எலும்புக்கு நல்லதாச்சேன்னு ஒரு டம்ளர் பாலோட என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பால் அந்த மருந்தை உடம்பில் சேரவே விடாதாம், இத்தனை மாதம் விழுங்கியது அத்தனையும் வீண். ஊரில் எந்தக் குழாய் எங்கே ஒழுகினாலும் கண்டுபிடிக்கிற மனுஷன், பெண்டாட்டிக்குப் போன மருந்து எங்கே ஒழுகியது என்று கண்டுபிடிக்கவில்லை பார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார், விஷமா கொடுத்தீங்க, பால்தானே, விடுங்க என்று நான்தான் தேற்றினேன்.

இப்போது வெறும் வயிற்றில் டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குகிறேன், அப்புறம் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது, படுக்கவும் கூடாது. உன் அப்பா எதிரே நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார், நான் கொட்டாவி விட்டால்கூட ஏய் சாயாதே என்கிறார். இப்படி ஒழுங்காகப் போட்டால் தேய்மானம் மட்டுப்படும், இன்னொரு ஆபரேஷன் தேவைப்படாது என்றே நினைக்கிறேன் என்று டாக்டரம்மா சொன்னார், எனக்கும் தைரியமாகத்தான் இருக்கிறது, தையல் கடைக்குக் கைத்தடி இல்லாமல்தான் போய் வருகிறேன், அடுத்த படம் எடுத்ததும் சொல்கிறேன்.

அதனால் வேலையை விட்டுட்டு வர்றேன் என்றாயே, அந்தப் பேச்சே வேண்டாம். தன்னால்தான் மகள் பிழைப்பு கெடப்போகிறது என்று உன் அப்பா தட்டில் போட்டதை அளைந்துகொண்டே இருக்கிறார், கேட்டால் பசியில்லை என்கிறார். நீ அவரைத் திட்டாதே, அந்த வேலையை நான் குறைவில்லாமல் செய்கிறேன். இதைப் படித்ததும் போன் போடு, எனக்கு இல்லை, அவருக்கு. வேலையை விடலப்பா என்று உன் வாயால் சொல், அன்றைக்காவது மனுஷன் வயிறாரச் சாப்பிடட்டும்.

நீ நோய் நொடியில்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும்.

ஆசியுடன்,
உன் அம்மா