பிடித்துத் தைத்தது

ஜூன் 3
என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு மாதம். மகள் இன்றும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறதாம். பஸ்ஸில் ஏறினாலே கலக்குகிறதாம், பாதி வழியில் இறங்கிக் கழிப்பறை தேடுகிறாளாம். இருபத்திரண்டு வயசு. இந்த வாரம் வேலைக்குப் போனதைவிட லீவு போட்டதுதான் அதிகம்.

ஜூன் 9
நாள் முழுக்கத் தையல் கடையில் அடுத்தவர் இடுப்பை அளக்கிறவள் நான். பெற்ற பிள்ளை இளைத்தது கண்ணில் படாமலா போகும்? அவரும் முதலில் இளைத்தார். அப்புறம்தான் வயிறு வீங்கியது. இவளுக்குத் தெரிந்தால் பயந்தே செத்துவிடுவாள். குளிக்கப் போன நேரம் பார்த்து, தொளதொளப்பது தெரியாதபடி அவளுடைய இரண்டு பேண்ட்டையும் இடுப்பில் பிடித்துத் தைத்துவிட்டேன்.

ஜூன் 10
போட்டுக்கொண்டு போனாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா.

ஜூன் 18
மீதித் துணிகளையும் பிடித்தாயிற்று. கடைக்கார அக்கா, பிள்ளையிடம் அவரைப் பற்றி ஏதாவது பேசுகிறாயா என்று கேட்டார். என்னத்தைப் பேச? அவர் பேச்சை எடுத்தால் அவள் உடைந்துபோவாள். நான் மட்டும் என்ன? எங்கள் வீட்டில் இப்போது வயிற்றுப் பேச்சு ஒன்றுதான்.

ஜூன் 24
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் கேட்கிறது. நான் கதவைத் தட்டவில்லை.

ஜூலை 2
டாக்டரம்மாவிடம் போனோம். ஸ்கேன், ரத்தம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு ஏன் இந்தப் பயம் என்று அவளைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"துணியெல்லாம் இறுக்குது டாக்டர். வாரா வாரம் இறுக்குது. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வீங்குச்சு. அதான் சாப்பிடவே பயமா இருக்கு."
ஐயோ. நான் என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன் — பயத்துல அளவுக்கு மேலயே பிடிச்சிருக்கேனே. துணியைப் பிடித்தது நான்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.
டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. வலி பொய்யில்லை, மனசு தாங்காததை வயிறு சொல்கிறது, மனநல டாக்டரையும் பார்க்கணும் என்றார்.

ஜூலை 3
துணிகளை என் மடியில் கொண்டுவந்து போட்டாள்.
"கடைக்கு வர்றவங்களக் கேட்டுட்டுத்தானேம்மா துணியில கைவைப்ப? என்னை மட்டும் ஏன் கேக்கல?"
கத்திரிக்கோலை எடுத்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து தையலைப் பிரித்தோம். பாதியில் அவளாகவே சொன்னாள்:
"அப்பா இருந்திருந்தா, 'உங்கம்மாகிட்ட இருந்து கத்திரிக்கோலப் பிடுங்கு'ன்னு சொல்லியிருப்பாரு."
ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அப்பா என்ற சொல் இந்த வீட்டில். சிரித்தோம். பிறகு அழுகையை அடக்க முடியவில்லை, இரண்டு பேராலும்.

ஜூலை 16
மனநல டாக்டரிடம் இரண்டாவது தடவை போய்வந்தாள். அடுத்த முறை என்னையும் வரச் சொன்னார்களாம். எனக்கென்ன கேடு என்று கேட்டேன். ஒரு பார்வை பார்த்தாள். சரி, போகணும்.

ஜூலை 20
கலக்கல் நிற்கவில்லை. திரும்ப லீவு.

ஆகஸ்ட் 5
காலையில் வயிறு கலக்குகிறது என்றாள். லீவு போடுகிறாயா என்று கேட்க வந்ததை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டேன். கழிப்பறைக்குப் போய்வந்தாள். கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "பஸ் போயிரும்மா" என்று கிளம்பிவிட்டாள்.