கரட்டுப் பாறையில் இரும்பு வழி

12 செப்டம்பர் 1996, வியாழன்

காலையில் தூறல். பம்ப் கம்பெனிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். மதியம்வரை பழைய பம்ப் ஒன்றின் மூடியைத் திரும்ப வரைந்தேன்.

முதலாளி சீனிவாசலு இத்தாலியிலிருந்து நேற்றுத் திரும்பியிருக்கிறார். பம்ப் கண்காட்சிக்குப் போனவர் பம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வரைபடப் பிரிவுக்கு நேராக வந்து என் மேசைமேல் போட்டோக்களைப் பரப்பினார். செங்குத்தான பாறை. 'ப' எழுத்தைப் பாறைக்குள் குத்தி வைத்ததுபோல இரும்புப் படிகள். பக்கத்தில் மேலே போகும் இரும்பு வடம். அதில் மனிதர்கள் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்குப் பேரு வியா ஃபெர்ராட்டாங்க அம்மணி. இரும்பு வழின்னு அர்த்தமாம். நம்ம அவிநாசித் தோட்டத்துக்குப் பின்னால பாறைக் கரடு சும்மாதான நிக்குது? நாமளும் ஒண்ணு போட்டா என்னங்க?"

"யாருக்குங்க?"

"எனக்குத்தானுங்க" என்று சிரித்தார்.

படியின் அளவுகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் வரைந்து கொடுத்தேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

துவைத்தேன். காயப்போட்டேன். மடித்தேன்.

21 செப்டம்பர், சனி

ஈரோட்டிலிருந்து பாலகோபால் அண்ணன் வந்திருந்தான். அத்தை அவனுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கதிரேசனின் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் போன பிறகும் அதே அத்தைதான்.

அத்தை பின்கட்டுக்குப் போனதும் அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "இன்னும் எத்தனை நாளைக்கு இங்கயே கிடப்பே பிரியா? உனக்கு இருபத்தொம்பதுதான ஆகுது? நம்ம ஊட்டுக்கு வந்துரு. அப்புறம் மெதுவா ஒரு நல்ல இடமாப் பார்க்கலாம்."

போனாலும் இருந்தாலும் ஒன்றுதான் என்று எப்படிச் சொல்வது?

அவன் போன பிறகு அத்தை கேட்டார். "தம்பி என்ன சொல்லுச்சுங்க அம்மணி?" "சும்மா பேசிட்டிருந்தோம்ங்க." "செரிங்க. சாப்புடுங்க."

இப்படித்தான் இருக்கிறோம். தை மாதம் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோனதிலிருந்து, விருந்துக்கு வந்த இரண்டு பேர்போல, வாங்க, உக்காருங்க, படுங்க.

4 அக்டோபர், வெள்ளி

பட்டறையில் படிகளை வளைத்தாகிவிட்டது. துத்தநாகப் பூச்சும் முடிந்தது. ஃபிட்டர் ஜெரோம் ஆட்களோடு போய்ப் பாறையில் துளை போட்டுக்கொண்டிருக்கிறான். முகமெல்லாம் கல்தூசியோடு வந்து, "அக்கா, நீங்க வரைஞ்ச படி சும்மா கச்சுனு உக்காந்துக்குச்சுங்க" என்றான். சந்தோஷமாக இருந்தான். நல்லதுங்க ஜெரோம் என்றேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது.

20 அக்டோபர், ஞாயிறு

நேற்று மாலை முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு யார் ஏறப்போகிறீர்கள் என்று கேட்டார். அவரும் ஜெரோமும் பலமுறை ஏறிப் பார்த்துவிட்டார்களாம். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

ஏன்? இப்போது யோசிக்கிறேன். காரணம் ஒன்றும் அகப்படவில்லை. கை எழுந்தது, அவ்வளவுதான்.

இன்று சாப்பிடும்போது அத்தையிடம் சொன்னேன். அத்தை ரசம் ஊற்றுவதை நிறுத்தவில்லை. ஊற்றி முடித்து, "நானும் வாரேனுங்க" என்றார்.

"உங்களுக்கு எதுக்குங்க அத்தை சிரமம்?"

"கட்டுச்சோறு யாரு தூக்கியாறதுங்க?"

10 நவம்பர், ஞாயிறு

தீபாவளி. எங்களுக்கு இல்லை. பக்கத்து வீட்டு வெடிக்குப் பூனை கட்டிலடியில் ஒளிந்துகொண்டது. நான் திடுக்கிடக்கூட இல்லை.

24 நவம்பர், ஞாயிறு

ஏறிவிட்டேன். எழுதி வைக்கிறேன்.

கதிரேசனின் பழைய பேண்ட்டை இடுப்பில் மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். உடுத்தும்போது ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். துணி துணியாகத்தான் இருந்தது.

கரடு தூரத்திலிருந்து சின்னதாகத் தெரிந்தது. அடியில் போய் நின்றால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆறேழு மாடி இருக்கும். சுற்றிலும் சோளக்காடு. அத்தை வெள்ளைச் சேலை முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஒரு வேப்பமரத்தடியில் சோற்றுத் தூக்குப்போசியோடு உட்கார்ந்தார்.

முதலாளி என் இடுப்பிலும் தொடையிலும் பட்டை மாட்டினார். அதிலிருந்து இரண்டு குட்டைக் கயிறுகள், நுனிக்கு ஒரு கொக்கி. இரண்டையும் வடத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். நடு நடுவே வடத்தைப் பாறையோடு பிணைத்திருக்கும் முளை வரும். அங்கே ஒரு கொக்கியைக் கழற்றி முளைக்கு அந்தப் பக்கம் மாட்டிவிட்டு, பிறகுதான் அடுத்ததைக் கழற்ற வேண்டும்.

"ஒண்ணு எப்பவும் வடத்துல இருக்கோணுமுங்க. மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறந்துபோடாதீங்க."

முதலாளி முன்னால், நான் நடுவில், ஜெரோம் பின்னால். படிகள் குளிர்ச்சியாக இருந்தன. காகிதத்தில் நான் இழுத்த கோடுகளை இப்போது காலால் மிதிக்கிறேன் என்று நினைத்தேன். நினைப்பு வந்தது, போனது. கழற்று, மாட்டு, கழற்று, மாட்டு. கை தானாகச் செய்தது, துணி மடிப்பதுபோல.

பாதிக்கு மேல் பாறை வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஓரிடம். அங்கே உடம்பைப் பின்னால் சாய்த்து இடப்பக்கம் நகர வேண்டும். முதலாளி வளைவைத் தாண்டி மறைந்துவிட்டார். முளை வந்தது. இடது கையால் படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று அடித்தது. தூரத்தில் அவிநாசி ரோட்டில் லாரிகள் தீப்பெட்டி மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் பார்த்தால் இரண்டு கொக்கிகளும் என் வலது கையில் இருக்கின்றன.

எப்போது கழற்றினேன்? தெரியவில்லை. வேண்டுமென்றா? இல்லை. கைதவறியா? அதுவும் இல்லை. இடது கையை விட்டால் விழுவேன் என்பது தெரிந்தது. வாய்ப்பாடு தெரிவதுபோலத் தெரிந்தது. பயம் வரவில்லை. நெஞ்சு அதே வேகத்தில்தான் அடித்தது. கீழே வேப்பமரத்தடியில் வெள்ளைச் சேலை எழுந்து நின்றிருந்தது. அதையும் பார்த்தேன்.

"அக்கா." ஜெரோம்தான். கத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலச் சொன்னான். "கொக்கிங்க அக்கா. முதல்ல ஒண்ணு மாட்டுங்க."

மாட்டினேன். டிக்கென்று சத்தம் வந்தது.

"இன்னொண்ணுங்க."

மாட்டினேன். அப்புறம் மேலே போனேன்.

உச்சியில் முதலாளி கைதட்டினார். "எப்படீங்க இருந்துச்சு?" "நல்லா இருந்துச்சுங்க." ஜெரோம் முகத்தில் வேர்வை கொட்டிக்கொண்டிருந்தது.

பின்பக்கச் சரிவில் ஒற்றையடிப்பாதை வழியே இறங்கி வந்தோம். அத்தை எல்லாருக்கும் புளிச்சோறு வைத்தார். தான் சாப்பிடவில்லை.

25 நவம்பர், திங்கள்

உள்ளங்கை தோலுரிந்திருக்கிறது. அத்தை மஞ்சளைக் குழைத்துப் பூசினார். எரியுதுங்களா என்று கேட்டார். இல்லைங்க என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

28 நவம்பர், வியாழன்

வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினபோது அத்தை எஸ்.டி.டி. பூத்திலிருந்து வெளியே வந்தார். அத்தை யாருக்கும் போன் செய்து நான் பார்த்ததில்லை. கேட்கவில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

அண்ணன் காரோடு வந்துவிட்டான்.

"கிளம்பு பிரியா. துணியை எடுத்து வை. அத்தையே கூப்புட்டுச் சொல்லிட்டாங்க, கூட்டிட்டுப் போயிருங்கன்னு."

அத்தையைப் பார்த்தேன். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிசமாங்க அத்தை?"

"ஆமாங்க. அங்க போனா உங்களுக்கு நல்லதுங்க அம்மணி."

அதற்கப்புறம் வந்தது என் குரல்தானா? என்னைக் கேக்காம என்னை எப்படி அனுப்புவீங்க, நான் என்ன சாமானா, தூக்கி வண்டியில போடறதுக்கு? அவரும் சொல்லாமப் போயிட்டாரு, நீங்களும் போகச் சொல்றீங்களா? போங்க, எல்லாரும் போங்க! அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள்.

அத்தை திரும்பினார். 'ங்க' எல்லாம் போய்விட்டது.

"நான் கீழ நின்னு பார்த்துட்டுத்தானடி இருந்தேன்! ரெண்டு கொக்கியும் உன்ற கையில. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனைச்சியா? கத்தறதுக்கு வாயத் தொறந்தேன். கத்துனா நீ திரும்பிப் பார்த்து உழுந்துபோட்டீன்னா? வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். என்ற பையனை மண்ணுல போட்டாச்சு. உன்னையும் போடச் சொல்றியா? இந்த ஊட்டுல இருந்தா நீ செத்தே போயிருவே. அதுக்குத்தான் போன் பண்ணுனேன்!"

தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக இருந்தான்.

நான் சாகப் போகலீங்க அத்தை என்று சொல்ல நினைத்தேன். அது உண்மையா? அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லையே. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான் போகலீங்க" என்று மட்டும் சொன்னேன்.

அண்ணன் தனியாகத்தான் திரும்பிப் போனான். வாசலில், "பத்திரமா இரு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு இல்லை. தொண்டை வலிக்கிறது. கத்தியதால்.

4 டிசம்பர், புதன்

அத்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. வேளைக்குச் சோறு மட்டும் தட்டில் இருக்கிறது.

9 டிசம்பர், திங்கள்

"குழம்புல உப்புப் பத்தலை" என்றேன். "நீயே போட்டுக்கோ" என்றார் அத்தை.

19 ஜனவரி 1997, ஞாயிறு

வருஷத் திதி முடிந்தது. அண்ணன் வந்திருந்தான். பழைய பேச்சை எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு, அத்தையிடம் சொல்லிக்கொண்டு போனான். கதிரேசன் போட்டோ முன்னால் நின்றேன். மனசு வெறுமையாகத்தான் இருந்தது. அத்தை பக்கத்தில் வந்து நின்று, "மூக்கு அப்படியே அவுங்கப்பனோடது" என்றார். நான் இதுவரை கவனித்ததில்லை.

6 பிப்ரவரி, வியாழன்

அத்தைக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். மதியம் மனசு கேட்காமல் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சுவரோரம் சுருண்டு படுத்திருந்தார். கண்ணைக் காட்டுங்க என்றேன். திறந்தார். ஓரத்தில் மஞ்சளாக இருந்தது.

மஞ்சளாகத்தான் இருந்தது. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. செருப்புக்கூடப் போடாம ரோட்டுக்கு ஓடினேன். ஆட்டோ நிக்கவே மாட்டேங்குது. நடு ரோட்டுல கையை விரிச்சு மறிச்சு நின்னேன். டிரைவர் திட்டினான், நானும் திட்டினேன்.

டாக்டர் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். காமாலை இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்றார். "இன்னொரு தடவை பாருங்க" என்றேன். பார்த்தார். "இன்னொரு தடவை" என்றேன். "ஏனுங்க அம்மணி, நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?" என்று சிரித்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தை என் தோளில் சாய்ந்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன கண்ணு, கை இந்த நடுங்கு நடுங்குது?"

"பயந்துட்டேனுங்க அத்தை."

அத்தை என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை நடுக்கம் நிற்கவில்லை. நானும் நிறுத்தப் பார்க்கவில்லை.